எரிபொருளை மிச்சம் பிடியுங்கள், கணக்கை மறைக்காதீர்கள்: விமான நிறுவனங்களுக்கும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபைக்கும் மலையகத்திலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியோருக்கு,

கட்டுநாயக்கவிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் பறக்கும் விமான நிறுவனங்களின் கொழும்பு அலுவலகங்களுக்கும், இலங்கை சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபைக்கும், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை, பதுளைப் பக்கங்களில் டிக்கெட் பதிவு செய்து கொடுப்பவர்களும், விமானச் சுமைக்கணக்கு வேலை தெரிந்தவர்களும் ஒன்றாக உட்கார்ந்து எழுதிய மடல் இது. தோட்டத்து லயங்களிலிருந்து வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் போகிறவர்களின் டிக்கெட்டுகள்தான் எங்கள் கையில் அதிகம் புழங்குகின்றன.

எரிபொருளைச் சிக்கனமாகப் பாவியுங்கள் என்றுதான் நாங்களும் சொல்கிறோம். ஒரு விமான நிறுவனத்தின் செலவில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கும், விலை ஏறிய வருடங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டவும் எரிபொருளுக்கே போகிறது என்பது எங்களுக்குத் தெரியும். ஒரு கிலோ எரிபொருள் எரிந்தால் 3.16 கிலோ கரியமிலவாயு காற்றில் கலக்கிறது என்பதும் தெரியும். மலைச்சரிவில் குடியிருப்பவர்களுக்கு அந்தப் புகை குறைவது நல்லது. எங்கள் முறைப்பாடு வேறு. மிச்சம் பிடிக்கும் வழிகளில் சில பயணியைத் தொடாதவை, சில பயணியின் உடம்பையும் பையையும் நேராகத் தொடுபவை. இரண்டாவது வகையில் எதை எவ்வளவு குறைத்தீர்கள், அதனால் எவ்வளவு மிச்சமானது, அதன் சுமை யார் தலையில் விழுந்தது என்று டிக்கெட் வாங்குகிறவருக்கு ஒருவரும் சொல்வதில்லை. கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு எத்தனை கிலோ கழிக்கிறார்கள் என்று கணக்கப்பிள்ளையை நிறுத்திக் கேட்டுப் பழகிய மக்கள் எங்கள் மக்கள். அதே கேள்வியை உங்களிடமும் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு.

முதலில் அடிக்கணக்கைப் போட்டுக்கொள்வோம். கட்டுநாயக்கவிலிருந்து துபாய் சுமார் 3,300 கிலோமீற்றர், நாலரை மணித்தியாலப் பறப்பு. ஏ320 நியோ ரக விமானம் அந்தத் தூரத்துக்குக் கிட்டத்தட்ட 10 தொன் எரிபொருள் எரிக்கும். எதிர்க்காற்றையும் சுமையையும் பொறுத்து அது கூடலாம், குறையலாம். 170 பேர் ஏறினால் ஆளுக்கு 59 கிலோ. ஜெட் ஏ-1 எரிபொருள் லீற்றருக்கு ஏறக்குறைய 0.8 கிலோ நிறை. ஆகவே ஆளுக்கு 74 லீற்றர். ஒரு பீப்பாய் என்பது 159 லீற்றர். பீப்பாய் 100 டொலர் என்று வைத்துக்கொண்டால் லீற்றர் 63 சதம் வரும். ஒரு பயணியைத் துபாய்க்குக் கொண்டுபோக எரியும் எரிபொருளின் பெறுமதி 46 டொலர். விலை மாறினால் இந்தத் தொகையும் அதே விகிதத்தில் மாறும். கணக்கு முறை மாறாது, யாரும் வீட்டிலிருந்தே போட்டுப் பார்க்கலாம்.

இன்னொரு விதியும் தேவை. விமானத்தில் கூடுதலாக ஏற்றும் எந்தச் சுமைக்கும், பறக்கும் ஒவ்வொரு மணித்தியாலத்திலும் அதன் நிறையில் 3 முதல் 4 வீதம் வரை எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். நடுவில் 3.5 என்று எடுக்கிறோம். இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு பயணப்பொதிக்கு வருவோம்.

ஒருவர் 10 கிலோ கூடுதலாகக் கொண்டுபோகிறார். நாலரை மணித்தியாலத்துக்கு அதனால் கூடும் எரிபொருள் ஒன்றரை கிலோ சொச்சம், அதாவது 2 லீற்றர். பெறுமதி ஒன்றேகால் டொலர். கவுண்டரில் அந்த 10 கிலோவுக்குக் கேட்கும் தொகை அதைப் போல எத்தனை மடங்கு என்பதை நீங்களே அறிவீர்கள். பொதி ஏற்றி இறக்கும் கூலி உண்டு, சரக்குக்கு விற்கக்கூடிய இடம் போகிறது, எல்லாரும் கூட்டிக்கொண்டே போனால் விமானம் தாங்காது. அத்தனையும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அந்தக் கட்டணத்துக்குக் காரணம் கேட்டால் ‘எண்ணெய் விலை’ என்று சொல்லி வாயை அடைக்க வேண்டாம். 2008 ஜூலையில் மசகு எண்ணெய் பீப்பாய் 147 டொலருக்கு ஏறியது. அந்த வருடம்தான் அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் முதல் பெட்டிக்கே காசு வாங்கத் தொடங்கின. அதே வருட டிசம்பரில் விலை 40 டொலருக்கும் கீழே விழுந்தது. பெட்டிக் கட்டணம் விழவில்லை, இன்றுவரை இருக்கிறது.

எங்கள் மக்களுக்குப் பொதியில் நடக்கும் அநியாயம் பெரும்பாலும் திரும்பி வரும் பயணத்தில்தான். போகும்போது முகவர் எடுத்த டிக்கெட்டில் 30 கிலோ இருக்கும். ஒப்பந்தம் முடிந்து வரும்போது எஜமான் எடுத்துக் கொடுப்பது மலிவு வகுப்பு டிக்கெட். அதில் 20 கிலோ, சிலவேளை கைப்பொதி 7 கிலோ மட்டும். டிக்கெட் தாளில் பொதிக்கான சின்னக் கட்டத்தில் ‘30 கே’, ‘1 பி.சி.’, ‘நில்’ என்று ஆங்கில எழுத்தில் குறித்திருப்பது அவருக்கு ஒன்றும் சொல்வதில்லை. முதலாவது கிலோக் கணக்கு, இரண்டாவது பெட்டிக் கணக்கு, மூன்றாவது ஒன்றுமே இல்லை. பெட்டிக் கணக்கில் 23 கிலோவை ஒரே பெட்டியில் கொண்டுவரலாம். அதையே இரண்டு பைகளில் 12, 11 என்று பிரித்துக் கட்டினால் இரண்டாவது பைக்குக் காசு. இதைத் தெரியாமல் கம்பளியும் பால்மாவும் பிள்ளைகளின் சப்பாத்தும் நிரப்பிய பையைக் கவுண்டர் முன்னால் அவிழ்த்துக் கொட்டி, எதை விடுவது என்று தடுமாறும் பெண்களை உங்கள் ஊழியர்கள் தினமும் பார்க்கிறார்கள். பை வாங்கும்போதே தெரிந்திருக்க வேண்டிய இன்னொன்று: பெரிய வன்பெட்டி வெறுமையாகவே நாலைந்து கிலோ நிறை. 20 கிலோ அனுமதியில் கால்வாசி அங்கேயே போய்விடும். துணிப் பையென்றால் ஒன்றரைக் கிலோவோடு முடிந்துவிடும்.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். போகும் பயணம், வரும் பயணம் இரண்டுக்கும் தனித்தனியாக எத்தனை கிலோ, எத்தனை பெட்டி என்பதை டிக்கெட்டின் முதல் பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடுங்கள். முன்கூட்டிக் காசு கட்டினால் மலிவு, கவுண்டரில் கட்டினால் பல மடங்கு என்ற முறையை வைத்திருக்கிறீர்கள். முன்கூட்டிக் கட்டுவதற்கு வங்கி அட்டை வேண்டும். வளைகுடாவில் வீட்டு வேலை செய்யும் பெண்ணிடம் அது இல்லை. ஆகவே கவுண்டர் திறந்து முதல் ஒரு மணித்தியாலத்துக்காவது முன்பதிவு விலையிலேயே ரொக்கக் காசை வாங்குங்கள். வேலைவாய்ப்புப் பணியகம் பதிவு செய்யும் ஒப்பந்தங்களில் திரும்பும் டிக்கெட்டுக்கு ஆகக் குறைந்த பொதி எத்தனை கிலோ என்று ஒரு வரி சேர்க்கட்டும். எஜமானுக்கு அதனால் கூடும் செலவு சொற்பம்.

அடுத்தது எரிபொருள் மேலதிகக் கட்டணம். இந்த மடலை எழுதத் தூண்டியதே இதுதான்.

டிக்கெட்டின் கட்டண விபரத்தில், அடிப்படைக் கட்டணத்துக்குக் கீழே, வரிகளோடு வரியாக ‘வை.கியூ.’ அல்லது ‘வை.ஆர்.’ என்ற இரண்டெழுத்துக் குறியீட்டில் ஒரு தொகை நிற்கும். அதை அரசாங்கம் எடுக்கும் வரி என்றே பயணிகள் நம்புகிறார்கள். அரசாங்கத்துக்கு அதில் ஒரு சதமும் போவதில்லை. அது விமான நிறுவனமே விதிக்கும் கட்டணம். பெரும்பாலும் எரிபொருளின் பெயரில் விதிப்பது. தனியாகப் பிரித்து வைப்பதில் நிறுவனத்துக்குப் பல இலாபம். முகவருக்குக் கொடுக்கும் தரகு அடிப்படைக் கட்டணத்துக்கு மட்டும். பிள்ளைகளுக்கான கழிவு அடிப்படைக் கட்டணத்தில் மட்டும். புள்ளி சேர்த்து எடுக்கும் இலவச டிக்கெட்டிலும் இந்தத் தொகை அப்படியே நிற்கும். பயணம் ரத்தானால் அரசாங்க வரியைத் திருப்பித் தருவார்கள், மேலதிகக் கட்டணத்தைப் பலர் தருவதில்லை. பறக்காத பயணிக்காக எரியாத எரிபொருளின் காசு ஏன் நிறுவனத்திடம் தங்க வேண்டும்? இதற்கு நியாயமான பதில் இருக்கிறதென்றால் அச்சிட்டுத் தாருங்கள், நாங்களே மக்களுக்கு வாசித்துக் காட்டுகிறோம்.

இன்னொரு விடயமும் இதில் ஒளிந்திருக்கிறது. பல நிறுவனங்கள் எரிபொருளை மாதக்கணக்கில் முன்னதாகவே விலை பேசி வைத்துவிடுகின்றன. சந்தையில் விலை ஏறிய மறுவாரமே அவர்களுடைய செலவு முழுவதும் ஏறிவிடுவதில்லை. மேலதிகக் கட்டணம் மட்டும் மறுவாரமே ஏறுகிறது. இறங்கும்போதோ ஆமை வேகம்.

இதை ஒழுங்கில் வைத்திருக்கும் நாடுகள் உண்டு. ஜப்பானில் சிங்கப்பூர் மண்ணெண்ணெய்ச் சந்தையின் இரண்டு மாதச் சராசரி விலையை வைத்து, எந்த விலைக்கு எந்தத் தூரத்துக்கு எவ்வளவு என்று நிறுவனங்கள் அட்டவணை போட்டு முன்கூட்டியே வெளியிடுகின்றன. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாறும், எல்லாருக்கும் தெரியும். எங்களுக்கு இன்னும் கிட்டிய உதாரணம் பிலிப்பைன்ஸ். நம்மைப் போலவே வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் ஆட்களை அனுப்பும் நாடு. அங்கே சிவில் ஏரோநாட்டிக்ஸ் சபை, விமான எரிபொருளின் சராசரி விலையைப் படிநிலைகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் தூரத்தின்படி எவ்வளவு வாங்கலாம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. இந்த மாதம் எந்தப் படி என்று சபைதான் அறிவிக்கும். விலை போதுமான அளவு இறங்கினால் கட்டணம் அடியோடு நிற்கும்.

சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபைக்கு எங்கள் முதல் வேண்டுகோள் இதே போன்ற ஓர் அட்டவணை. அட்டவணை போட விருப்பமில்லை என்றால், மேலதிகக் கட்டணம் என்ற வரியையே எடுத்துவிட்டு எல்லாவற்றையும் அடிப்படைக் கட்டணத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். ஏமாற்றில்லாத இரண்டு வழிகளும் இவைதான். எதைத் தெரிவு செய்தாலும், பறக்காதவருக்கு அந்தத் தொகை திரும்பிக் கிடைக்க வேண்டும். அதுவரைக்கும், தன் டிக்கெட்டில் அந்த இரண்டெழுத்துக்கு நேரே உள்ள தொகையை மேலே நாங்கள் போட்ட 46 டொலர்க் கணக்கோடு ஒவ்வொரு பயணியும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

இனி விமானத்துக்குள்.

ஆசனங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறோம், இதைப் பற்றி உலகமே பேசியாயிற்று. 30 வரிசை உள்ள விமானத்தில் வரிசைக்கு ஓர் அங்குலம் குறைத்தால் 30 அங்குலம் மிச்சம், இன்னொரு வரிசை போடலாம், ஆறு பேர் கூடுவார்கள், ஆளுக்கு எரியும் எரிபொருள் குறையும். மெல்லிய ஆசனம் நிறையும் குறைவு. இரண்டு மணித்தியாலப் பயணத்துக்கு அது பரவாயில்லை. வளைகுடாப் பயணம் நாலரையிலிருந்து ஐந்தரை மணித்தியாலம்; நாலு மணித்தியாலத்துக்கு மேல் அசையாமல் இருப்பவர்களுக்குக் கால் நரம்பில் இரத்தம் கட்டும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007இல் சொன்னது. மொத்தத்தில் அது அரிதான ஆபத்துத்தான், சுமார் 6,000 பேரில் ஒருவருக்கு. நடுவழியில் ஒருமுறை எழுந்து நடக்கும்படி தமிழிலும் சிங்களத்திலும் அறிவிப்புச் செய்வதற்கு எரிபொருள் செலவாகாது.

தண்ணீருக்கு வருவோம். ஏ320 ரக விமானத்தின் குடிநீர்த் தாங்கி 200 லீற்றர் கொள்ளும். கை கழுவும் குழாய், தேநீர்க் கொதிகலன் எல்லாமே அதிலிருந்துதான். முன்பு நிரப்பியே அனுப்புவார்கள். இப்போது பழைய பயணங்களின் சராசரிப் பாவனையைப் பார்த்து, பாதியோ அதற்குச் சற்றுக் கூடவோ நிரப்புவது பல நிறுவனங்களின் வழக்கம். நூறு லீற்றர் குறைத்தால் துபாய்ப் பயணத்தில் மிச்சமாவது 16 கிலோ எரிபொருள், 12 டொலருக்கும் சற்று மேல், ஆளுக்கு 7 சதம். சராசரி பார்த்து நிரப்பியதில் என்ன தவறு என்று கேட்பீர்கள். கட்டுநாயக்கவிலிருந்து போகும் பயணியும், ஐரோப்பாவுக்குள் ஒரு மணித்தியாலம் பறக்கும் பயணியும் ஒன்றல்ல. எங்கள் பயணிகள் முதல்நாள் மாலையே வேனிலோ பஸ்ஸிலோ கினிகத்தேனை, கித்துல்கல வழியாக வளைந்து வளைந்து வாந்தியெடுத்துக்கொண்டு இறங்கி வந்தவர்கள். கைப்பிள்ளையோடு வருபவர்கள் உண்டு. கழிப்பறையில் தாளுக்குப் பதிலாகத் தண்ணீர் பாவிப்பவர்கள் எல்லாருமே. மூன்றாவது மணித்தியாலத்தில் குழாய் காற்றடிக்கும். பறப்பின் கடைசிப் பகுதியில் கழிப்பறைக்குள் போக முடியாது. பின்வரிசைகளில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு இருப்பார்கள். ஆளுக்கு 7 சதத்துக்காக இது வேண்டாம். வளைகுடாப் பயணங்களுக்குத் தாங்கியை நிரப்புங்கள்.

தரையில் நிற்கும்போது வெக்கை. விமானத்தின் வாலில் ஏ.பி.யூ. என்கிற சின்ன இயந்திரம் ஒன்று உண்டு. பெரிய இயந்திரங்கள் ஓடாத நேரத்தில் மின்சாரமும் குளிர்காற்றும் தருவது அதுதான். ஏ320இல் குளிர்காற்றோடு ஓடினால் மணித்தியாலத்துக்கு 130 கிலோ அளவில் குடிக்கும். அதை நிறுத்திவிட்டு விமான நிலையத்தின் மின்சாரத்தையும் குளிர்காற்றுக் குழாயையும் பொருத்துவது நல்ல சிக்கனம். நாங்களும் அதைப் பாராட்டுகிறோம். பிழைப்பது எங்கே என்றால், மின்சாரம் பொருத்தப்பட்டிருக்கும், குளிர்காற்றுக் குழாய் இருக்காது, அல்லது 180 பேருக்குப் போதாது. விளக்கு எரியும், காற்று வராது. ஓகஸ்ட் மாதம் 45 பாகை வெயிலில் நிற்கும் விமானத்துக்குள் கதவை மூடி அரை மணித்தியாலம் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று நுவரெலியாக் குளிரில் பிறந்து வளர்ந்தவரிடம் கேட்டுப் பாருங்கள். அந்த அரை மணித்தியாலத்துக்கு ஏ.பி.யூ.வை ஓட விட்டால் செலவு 65 கிலோ, 51 டொலர், ஆளுக்கு 30 சதம். ‘பயணிகள் ஏறத் தொடங்கியபின் உள்ளே வெப்பம் 28 பாகையைத் தாண்டினால் ஏ.பி.யூ. ஓட வேண்டும்’ என்று உங்கள் கையேட்டில் ஒரு வரி எழுதுங்கள். விமானியின் மனத்துக்கும் அது நிம்மதி. எரிபொருள் அறிக்கையில் தன் பெயர் சிவப்பில் வருமோ என்று அவர் யோசிக்க வேண்டியதில்லை.

மேலே பறக்கும்போது உள்ளே வரும் காற்றும் இயந்திரத்திலிருந்து எடுப்பதுதான், அதற்கும் எரிபொருள் செலவு. ஆகவே ஆட்கள் குறைவென்றால் காற்றோட்டத்தைக் குறைந்த அளவில் வைப்பார்கள். ஆட்கள் உண்மையிலேயே குறைவாக இருந்தால் அதில் தவறில்லை. காற்றழுத்தத்தைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: விமானத்துக்குள் அழுத்தம் 8,000 அடி உயரத்துக்கு மேல் போகவிடுவதில்லை. அது பீதுருதாலகால உச்சியைவிடச் சற்றுக் குறைவு, நுவரெலியா நகரைவிட ஏறக்குறைய 1,900 அடி கூட. மலையகத்தாருக்கு அது புதிய காற்றல்ல.

இப்போது எல்லாரும் கேட்கும் கேள்வி: “எண்ணெயைக் கொறைச்சு ஊத்தினா நடுவானத்துல முடிஞ்சிடாதா?”

சட்டம் அதற்கு அடித்தளம் போட்டிருக்கிறது. தரையில் உருளுவதற்கு, பயணத்துக்கு, எதிர்பாராததற்கு வழக்கமாகப் பயண எரிபொருளில் 5 வீதம், போகும் இடம் மூடியிருந்தால் மாற்று விமான நிலையத்துக்கு, எல்லாவற்றுக்கும் மேலே 1,500 அடி உயரத்தில் 30 நிமிடம் வட்டமிடுவதற்கான இறுதிக் கையிருப்பு. கடைசியில் சொன்னதைத் தொட வேண்டி வரும் என்று கணக்கில் தெரிந்த உடனேயே விமானி அபாய அறிவிப்புச் செய்ய வேண்டும். இந்தச் சட்டத்தை அப்பட்டமாக மீறிய பறப்புத்தான் 2016 நவம்பர் 28இல் கொலம்பியாவின் மெடெயின் அருகே 71 பேரைக் கொன்றது. பறக்கும் நேரத்துக்குச் சமமாக மட்டுமே அதில் எரிபொருள் இருந்தது. சட்டத்துக்கு உட்பட்டுச் சிக்கனம் செய்யும் நிறுவனங்களில் அது நடக்காது. அங்கே நடப்பது வேறு: சட்டம் கேட்கும் அளவுக்கு மேலே விமானி தன் அனுபவத்தில் எடுத்துக்கொள்ளும் கூடுதல் எரிபொருள் கரைந்துவிடும். 2012 ஜூலை 26இல் மட்ரிட்டில் இடிமழை. ஒரே நிறுவனத்தின் மூன்று விமானங்கள் வலன்சியாவுக்குத் திருப்பப்பட்டு, மூன்றுமே எரிபொருள் அபாய அறிவிப்புச் செய்து இறங்கின. அவை சட்டப்படிதான் எரிபொருள் ஏற்றியிருந்தன. ஆனால் அந்த அளவு, எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்குத் திரும்பும் நாளுக்குப் போதவில்லை.

கட்டுநாயக்கவில் ஒரே ஓடுபாதை. சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடிமழை கட்டிக்கொண்டு நிற்கும் நாட்களில், அல்லது ஒரு விமானம் ஓடுபாதையில் நின்றுவிட்டால், மேலே இருக்கும் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் மாற்றிடம் வேண்டும். தெற்கே உள்ள மத்தளை விமான நிலையம் வான்வழியே சுமார் 170 கிலோமீற்றர். திருவனந்தபுரம் 350க்குச் சற்று மேல். சென்னை 640க்கு மேல், ஏறக்குறைய ஒரு மணித்தியாலப் பறப்பு. மத்தளையை மாற்றிடமாகத் திட்டமிட்டால் சென்னைக்குத் தேவையான எரிபொருளைவிட ஒரு தொன்னுக்கும் அதிகமாகக் குறைத்து ஏற்றலாம். நல்ல சிக்கனம், ஓடுபாதையும் 3,500 மீற்றர். ஆனால் மத்தளையில் ஒரே நேரத்தில் நாலைந்து விமானங்களைக் கவனிக்க எரிபொருள் வண்டி, ஏணி, குடிவரவு அதிகாரி, சாப்பாடு எல்லாம் ஆயத்தமாக உள்ளனவா என்பதை அந்த ஒரு தொன்னை மிச்சம் பிடிப்பவர்கள்தான் உறுதிசெய்ய வேண்டும். விமானிகளுக்குப் பணிநேர எல்லை உண்டு. எரிபொருள் நிரப்பத் தாமதமானால் அந்த எல்லை முடிந்து, அதே விமானம் அன்று கட்டுநாயக்கவுக்குத் திரும்ப முடியாமல் போகும்.

இதில் மலையகத்துக்கு ஒரு தனி வேண்டுகோள் உண்டு. பண்டாரவளை, எல்ல, பதுளை, மொனராகலைப் பயணிக்கு மத்தளைதான் வீட்டுக்குக் கிட்டிய விமான நிலையம். தணமல்வில, வெல்லவாய வழியாக ஏறினால் ஊர். பயணம் மத்தளையிலேயே முடிகிறது என்று ஆகிவிட்டால், எல்லாரையும் அதிவேகப்பாதையில் கட்டுநாயக்கவுக்கு பஸ் ஏற்றுகிறார்கள். அங்கிருந்து அவர்கள் மறுபடி ஏழெட்டு மணித்தியாலம் மலையேற வேண்டும். குடிவரவும் சுங்கமும் மத்தளையிலேயே முடிந்தால், விரும்புகிறவர்களைப் பொதியோடு அங்கேயே விடுவியுங்கள். எரிபொருள் நிரப்பிவிட்டு அதே விமானம் திரும்பப் பறக்கும் நாட்களில் இது நடக்காது என்று எங்களுக்குத் தெரியும். ஒருவருக்காகப் பொதியறையைத் திறந்து பெட்டி தேடினால் எல்லாருக்கும் ஒரு மணித்தியாலம் போகும். அந்த நாட்களில் வேண்டியது ஒரு குறுஞ்செய்தி மட்டும். வேன் பிடித்து வந்து கட்டுநாயக்கவில் நிற்கும் குடும்பத்துக்கு, டிக்கெட்டில் கொடுத்த இலங்கை எண்ணுக்கு, விமானம் மத்தளையில் இறங்கியது, அடுத்த முடிவு இத்தனை மணிக்கு என்று அனுப்புங்கள். காத்திருக்கும் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் வேனுக்குக் காசு ஏறுகிறது.

எரிபொருளைச் சுமந்து வருவதும் ஒரு சிக்கன முறைதான். ஓர் இடத்தில் விலை குறைவென்றால், திரும்பும் பயணத்துக்கும் சேர்த்து அங்கேயே நிரப்பிக்கொண்டு வருவார்கள். 2022இல் நாட்டில் எரிபொருள் தட்டுப்பட்டபோது இலங்கையிலிருந்து புறப்பட்ட விமானங்கள் திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் இறங்கி நிரப்பிக்கொண்டு போனதை எல்லாரும் கண்டோம். அது அவசரம், அதைக் குறைசொல்ல முடியாது. சாதாரண நாளில் விலை இலாபத்துக்காகச் சுமக்கும்போது, அந்தத் தொன் கணக்கான நிறை வேறெதையோ வெளியே தள்ளும். வளைகுடாக் கோடையில் சூடான காற்று அடர்த்தி குறைந்தது. விமானம் தூக்கக்கூடிய மொத்த நிறையும் குறையும். இரண்டும் ஒன்றாகச் சேரும் இரவில் பின்னுக்கு விடப்படுவது பயணியின் பெட்டி. கட்டுநாயக்கவில் பொதி வரும் பட்டியின் முன்னால் கடைசிவரை நின்ற பிறகுதான் ‘உங்கள் பெட்டி அடுத்த விமானத்தில் வரும்’ என்று தெரியவரும். புறப்படும் முன்னரே சுமைத்தாளில் தெரிந்த விடயம் அது. அப்போதே சொல்லலாம்.

பெட்டி வராதவர்கள் மண்டபத்தை விட்டு வெளியேறுவதற்கு முன்பே பி.ஐ.ஆர். என்ற பொதி முறைப்பாட்டுப் படிவத்தை நிரப்பி அதன் இலக்கத்தை வாங்க வேண்டும். பெட்டி உடைந்தோ பொருள் சேதமாகியோ வந்தால் கைக்குக் கிடைத்து 7 நாட்களுக்குள், தாமதத்தால் ஏற்பட்ட நட்டத்துக்குப் பெட்டி கிடைத்து 21 நாட்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். பிந்தினால் உரிமை போய்விடும். நிறுவனங்களிடம் கேட்பது: எரிபொருளுக்காக நீங்களே இறக்கிய பெட்டியை வாங்க பொகவந்தலாவையிலிருந்தோ ஹப்புத்தளையிலிருந்தோ ஒரு நாள் கூலியை இழந்து கட்டுநாயக்கவுக்கு வரச் சொல்லாதீர்கள். லயத்து வாசல்வரை கொண்டுவர முடியாவிட்டால் ஹட்டன், நுவரெலியா, பதுளை நகரங்கள்வரையாவது உங்கள் செலவில் அனுப்புங்கள்.

விமானத்தைச் சற்று மெதுவாக ஓட்டுவதைப் பற்றி எங்களுக்கு முறைப்பாடே இல்லை. ஒலி வேகத்தில் 0.80 பங்கில் பறப்பதை 0.78 ஆக்கினால் துபாய்க்கு ஆறு நிமிடம்தான் கூடும். இறக்கையின் நுனியை வளைத்துக் கட்டுவதால் நீண்ட பயணங்களில் 4 வீதம் வரை மிச்சம். இயந்திரத்தைக் கழுவுவது, ஒற்றை இயந்திரத்தில் தரையில் உருளுவது, படிப்படியாக இறங்காமல் ஒரே சரிவாக இறங்குவது, விமானிகளின் கனமான தாள் கையேடுகளுக்குப் பதில் கைக்கணினி, கனம் குறைந்த உணவு வண்டி, இவையெல்லாம் பயணியின் ஒரு மயிரையும் தொடாதவை. சஞ்சிகையை மெல்லிய தாளில் அச்சிட்டே அமெரிக்க நிறுவனம் ஒன்று வருடத்துக்கு 170,000 கலன் எரிபொருளை மிச்சம் பிடித்தது. முதலில் இவற்றை முழுமையாகச் செய்து முடித்தீர்களா என்பதை வருடத்துக்கு ஒருமுறை வெளியிடும்படி அதிகாரசபை கேட்கட்டும்.

ஆனால் ஆட்கள் குறைந்த இரண்டு பயணங்களை ஒன்றாக்கி, ஒன்றை ரத்துச் செய்வதைச் சும்மா விட முடியாது. எரிபொருள் விலை ஏறினால் பாதி நிரம்பிய விமானத்தைப் பறக்கவிட மனம் வராது, புரிகிறது. ரத்துச் செய்தி முதல்நாள் மாலை வந்தால், கொழும்பில் இருப்பவர் வீட்டில் தூங்குவார். மலையகப் பயணி அந்த நேரத்துக்கு ஏற்கெனவே வழியில் இருப்பார். 2025 நவம்பர் கடைசியில் மண்சரிவால் பாதைகள் மூடிக் கிடந்ததைக் கண்ட பிறகு, மழைக்காலத்தில் ஒரு நாள் முன்னதாகவே இறங்கிவிடுவது பலருக்கு வழக்கமாகிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2004இல் நிறைவேற்றிய 261ஆம் இலக்க ஒழுங்குவிதி சொல்கிறது: 14 நாட்களுக்குக் குறைவான அறிவித்தலோடு ரத்துச் செய்தால், நிறுவனத்தின் கட்டுப்பாட்டை மீறிய காரணம் இல்லையென்றால் நட்டஈடு கொடு; காரணம் எதுவானாலும் தங்குமிடமும் சாப்பாடும் கொடு. ஆட்கள் குறைவு என்பது கட்டுப்பாட்டை மீறிய காரணம் ஆகாது. அதே அளவு நட்டஈட்டை இங்கே உடனே கேட்கவில்லை. ஆட்குறைவால் ரத்தானால் 7 நாட்களுக்கு முன் அறிவித்தல், அதற்குப் பிந்தினால் தங்குமிடமும் சாப்பாடும் ஊருக்குப் போய்வரும் செலவும், விசாக் காலம் முடியும் நிலையில் இருப்பவர்களுக்கு வேறு நிறுவனத்தின் விமானத்திலாவது அதே நாளில் இடம். அதிகாரசபை இதை விதியாக எழுத வேண்டும். வேலைவாய்ப்புப் பணியகம் தன் பதிவுப் படிவத்தில் அந்த விதியை அச்சிட்டு, புறப்படுவதற்கு முந்திய பயிற்சி வகுப்பில் டிக்கெட்டை எப்படி வாசிப்பது என்பதற்கு அரை மணித்தியாலம் ஒதுக்க வேண்டும். வகுப்பில் காட்டுவதற்குத் தமிழில் மாதிரி டிக்கெட் தாள் ஒன்றை நாங்கள் தயாரித்துத் தருகிறோம். பொதிக் கட்டம், கட்டண விபரம், வை.கியூ. வரி மூன்றையும் அதில் வட்டமிட்டுக் காட்டுவோம்.

இப்படிக்கு,
மலையகத்தில் பயணச்சீட்டு, பயணப்பொதி வேலைகளில் உள்ளோர்